அண்ணன் பெயரில் போனவன்

சென்ற மாதம் எங்கள் பழைய அலுவலகத்திலிருந்து தேன்மொழி கைபேசியில் அழைத்தாள். நான் ஓய்வு பெற்றபோது வேலைக்கு வந்து ஆறு மாதம்கூட ஆகாத பெண். இப்போது என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறாள்.

"சார், இரண்டாம் உலகப்போர் முடிஞ்சிடுச்சி சார்" என்றாள்.

"அது முடிஞ்சி எத்தினியோ வருஷம் ஆவுதேம்மா. உனக்கு இப்பத்தான் தந்தி வந்துச்சா?"

"அய்ய, அது இல்ல சார். நம்ம பதிவேட்டுல அந்தப் போர்க்காரங்க பட்டியல் இருந்துச்சே, அதுல கடைசிப் பேருக்கு நேத்து சிவப்பு மையில கோடு போட்டோம். பொதட்டூர்பேட்டை குப்பம்மாள். தவறிட்டாங்களாம். இனிமே அந்தப் பதிவேட்டுக்கு வேலை இல்ல, கட்டி உள்ள வெச்சிடப் போறோம். அதுக்கு முன்னால நீங்க ரெண்டு பக்கம் எழுதித் தாங்க சார். அந்தக் காலத்துல எப்பிடி விசாரிச்சீங்கன்னு இங்க ஒருத்தருக்கும் தெர்ல. இப்ப போன்ல மூஞ்சியக் காட்னா போதும், உயிரோட இருக்காங்களா இல்லையான்னு அதுவே சொல்லிடுது."

சரி என்று சொல்லிவிட்டு வைத்தேன். குப்பம்மாள் பெயரைக் கேட்டதிலிருந்து மனம் ஒரு நிலையில் இல்லை. கோடு போட்டது சரிதான். போர் முடிந்துவிட்டது என்றதைத்தான் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். இரண்டு பக்கத்தில் முடியாது, தேன்மொழி பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நான் படித்தது பி.ஏ. வரலாறு. தொழிற்புரட்சிக்குக் காரணம் ஆறு, முதல் உலகப்போரின் விளைவு எட்டு என்று மனப்பாடம் செய்து தேறியவன். அரசுத் தேர்வு எழுதி இளநிலை உதவியாளர் ஆனேன். தாலுகா ஆபீசில் ஏழெட்டு வருஷம் கோப்புக்கு நாடா கட்டக் கற்றுக்கொண்டு, அப்புறம் முன்னாள் ராணுவத்தாரைக் கவனிக்கிற மாவட்ட அலுவலகத்துக்கு மாற்றலாகிப் போனேன். திருத்தணியில் காலை ரயில் பிடித்தால் அலுவலக நேரத்துக்குச் சரியாகப் போய்ச் சேரலாம். ஓய்வு பெறும்வரை அந்த ரயில்தான், அந்த நாற்காலிதான்.

அங்கே என்னிடம் வந்த வேலைகளில் ஒன்று இரண்டாம் உலகப்போர்க்காரர்களைச் சரிபார்ப்பது. போர்க்காலத்தில் மூன்று நான்கு வருஷம் வேலை வாங்கிக்கொண்டு, முடிந்ததும் ஓய்வூதியம் இல்லாமல் வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்கள் நம் பக்கத்தில் நிறைய. அவர்களுக்கும், அவர்கள் இறந்துவிட்டால் மனைவிக்கும் மாதாமாதம் ஓர் உதவித்தொகை உண்டு. அதற்கு மூல ஆதாரம் விடுவிப்புப் புத்தகம். படையிலிருந்து அனுப்பும்போது கையில் கொடுத்த சிறு புத்தகம் அது. அதில் எண், பெயர், தகப்பன் பெயர், ஊர், மாவட்டம், உயரம், உடம்பில் உள்ள அடையாளம், சேர்ந்த நாள், அனுப்பிய நாள் எல்லாம் இருக்கும். அதைக் குடும்ப அட்டையோடும் கிராம நிர்வாக அலுவலரின் சான்றோடும் ஒப்பிட வேண்டும். பிறகு அடையாளத்தைக் கேட்டுச் சரிபார்த்து, உறுதிமொழிப் படிவத்தில் கைரேகை வாங்கி, கோப்பை மேலே அனுப்ப வேண்டும்.

சொன்னால் இவ்வளவுதான். ஆனால் நான் அதை ஒரு வேட்டையாகச் செய்தேன். போலிப் புத்தகத்தோடு வந்த இரண்டு பேரை ஆரம்பத்திலேயே பிடித்துவிட்டேன். அதிலிருந்து தலைக்கனம் ஏறிவிட்டது. வருகிற கிழவர் எல்லாரும் பொய் சொல்லத்தான் வருகிறார்கள் என்ற நினைப்பு. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி வரம் கொடுக்க மாட்டான் என்பார்களே, அந்தப் பூசாரி நான்தான்.

எனக்கு மேலே அதிகாரியாக இருந்தவர் ராணுவத்தில் மேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். எல்லாரும் மேஜர் என்றே சொல்வோம். ஒல்லியான மனிதர். சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. வயதான படைவீரர் அறைக்குள் வந்தால் எழுந்து நிற்பார், அவர் உட்கார்ந்த பிறகுதான் தான் உட்காருவார். முதலில் ஒரு டம்ளர் தண்ணீர் கொடுக்கச் சொல்வார். குடித்து முடிக்கும்வரை காகிதத்தைத் தொட மாட்டார். அப்புறம் மூன்று கேள்வி கேட்பார். உங்கள் எண் என்ன? அங்கே என்ன சாப்பிட்டீர்கள்? உங்களோடு இருந்து திரும்பி வராதவர் யார்?

"மொதல் கேள்விக்குப் போலி ஆளும் மனப்பாடம் பண்ணிட்டு வந்துடுவான். ரெண்டாவதுல தடுமாறுவான். மூணாவது கேள்வி எதுக்குன்னே அவனுக்குப் புரியாது" என்று ஒருமுறை எனக்கு விளக்கினார்.

அவரிடம் நான் வாங்கிய அடி ஒன்றை முதலில் சொல்லியாக வேண்டும். பள்ளிப்பட்டுப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். புத்தகம் அசல்தான், ஆனால் அதில் மாவட்டம் சித்தூர் என்று இருந்தது. போர்க்காலத்தில் திருத்தணி, பள்ளிப்பட்டு எல்லாம் சித்தூர் ஜில்லாதான். பிறகு மொழி பார்த்து மாநிலம் பிரித்தபோது ஆந்திராவோடு போய், அறுபதில் எல்லையை மாற்றி வரைந்தபோது இந்தப் பக்கம் வந்தோம். இந்த ஊரில் பிறந்த எனக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும். ஆனாலும் காகிதத்தில் சித்தூர் என்று இருக்கிறதே. "தொடர்புடைய மாவட்டத்தை அணுகவும்" என்று எழுதி அனுப்பினேன். அவர் எல்லைக்கு அந்தப் பக்கம் போனார். உங்கள் ஊர் இப்போது தமிழ்நாட்டில் இருக்கிறது என்று அவர்கள் திருப்பினார்கள். நான் மறுபடி அனுப்பினேன்.

"நான் எங்கியும் போவல சார். பொறந்ததுலேர்ந்து ஒரே ஊட்லதான் கீறேன். ஊருதான் அங்கியும் இங்கியும் போயினு வந்துகினு கீது" என்றார் அவர்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அப்போதும் கையெழுத்துப் போடவில்லை. மூன்றாவது முறை அவர் வரவில்லை. அவர் மகன் வந்து இறப்புச் சான்றை நீட்டி, "இதுக்கு மேல எந்த ஆபீசுக்குப் போவணுங்க?" என்று கேட்டான். அது மேஜர் காதில் விழுந்தது. என்னை உள்ளே அழைத்து உட்காரச் சொன்னார்.

"நீங்க எந்த ஊரு?"

"திருத்தணி சார்."

"நீங்க பொறந்தப்போ அது எந்த ஜில்லா?"

"சித்தூர் சார்."

"அப்ப உங்க சம்பளத்தையும் அங்கயே போய் வாங்கிக்கச் சொல்லிடலாமா?"

அவ்வளவுதான் பேசினார். அன்று ரயிலில் யார் முகத்தையும் பார்க்க முடியாமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தேன். இன்றும் பள்ளிப்பட்டு பஸ்ஸைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

அடுத்த வருஷம் குப்பம்மாள் வந்தாள்.

ஒரு முற்பகல் இரண்டு கிழவிகள் கைபிடித்துக்கொண்டு வந்தார்கள். பொதட்டூர்பேட்டை நெசவாளர் குடும்பம். இருவருமே விதவைகள், ஒரே வீட்டில் அண்ணன் தம்பியை மணந்தவர்கள். மூத்தவள் குப்பம்மாள், அண்ணன் முனுசாமியின் மனைவி. இளையவள் கன்னியம்மாள், தம்பி சின்னசாமியின் மனைவி. விண்ணப்பம் குப்பம்மாள் பெயரில். மற்றவள் துணைக்கு வந்தவள் என்று நினைத்து வாசல் பெஞ்சில் உட்காரச் சொன்னேன்.

காகிதங்களைப் பார்த்தேன். இவ்வளவு ஒழுங்கான கோப்பு எனக்கு வந்ததில்லை. புத்தகத்தில் முனுசாமி, சான்றிதழில் முனுசாமி, குடும்ப அட்டையில் முனுசாமி மனைவி குப்பம்மாள். தகப்பன் பெயரும் சரி. திருத்திக் கொடுக்க ஒரு புள்ளிகூட இல்லை. மேஜர் அறைக்கு அழைத்துப் போனேன். அவர் எழுந்து நின்றார், தண்ணீர் கொடுத்தார், கேட்டார்.

"அம்மா, உங்க வீட்டுக்காரர் தன்னோட நம்பர் எப்பவாவது சொல்லி இருக்காரா?"

குப்பம்மாள் தரையைப் பார்த்தாள். "தெர்லீங்க ஐயா."

வாசல் பெஞ்சிலிருந்து ஒரு குரல், கோயிலில் போற்றி சொல்வதுபோல் ஒரே மூச்சில், அந்த எண்ணைப் பட்டாளத்து இந்தியில் சொன்னது. கன்னியம்மாள்தான். புத்தகத்தைப் பார்த்தேன். கடைசி இலக்கம்வரை சரி.

மேஜர் அவளையும் உள்ளே அழைத்து உட்கார வைத்தார். "அங்க என்ன சாப்பிட்டதாச் சொல்வாரு?" என்று கேட்டார். குப்பம்மாள் மறுபடியும் தரையைப் பார்த்தாள். கன்னியம்மாளுக்கு வாய் நிற்கவில்லை.

"கல்லு மாரி பிஸ்கோத்துங்க. டீத்தண்ணில ஊறப் போட்டாத்தான் பல்லு எறங்குமாம். நம்பரு சொன்னாத்தான் தட்டுல உழுமாம். அந்தப் பழக்கம் போவவே இல்லீங்க. ஊட்ல நான் சோறு போட்டாக்கூட நம்பரச் சொல்லிட்டுத்தான் கை வெப்பாரு."

நான் நிமிர்ந்தேன். சோறு போட்டது இவள் என்றால், கை வைத்தவர் யார்? எனக்குள் இருந்த மோப்ப நாய் விழித்துக்கொண்டது. அடையாளக் கேள்விக்குப் போனேன். புத்தகத்தில், இடது முன்கையில் இரண்டு அங்குலத் தீக்காயத் தழும்பு என்று இருந்தது.

"உன் புருசன் உடம்புல தழும்பு ஏதாவது உண்டா?" என்று குப்பம்மாளைக் கேட்டேன். வயதானவர்களைக்கூட நான் அப்போது ஒருமையில்தான் பேசுவேன்.

அவள் முகம் தெளிந்தது. "ஆங், இருந்துச்சிங்க. எடது கையில. சின்னதுல பாவுக்குப் போடற கஞ்சி கொட்டிப் பொசுங்கிடுச்சி."

சரியான பதில். உடனே இளையவளிடம் திரும்பி, போகிற போக்கில் கேட்பதுபோல், "உன் புருசனுக்கு?" என்றேன்.

"அவருக்கும் எடது கைதாங்க" என்றாள் கன்னியம்மாள்.

அண்ணனுக்கும் தம்பிக்கும் ஒரே இடத்தில் ஒரே அளவில் தழும்பு. "முழுப் பூசணிக்காயச் சோத்துல மறைக்கப் பாத்தீங்களா?" என்று நான் வாய்விட்டே சொல்லிவிட்டேன். மேஜர் என்னை ஒரு பார்வை பார்த்தார்.

குப்பம்மாள் எழுந்து நின்றாள்.

"மறைக்க வர்லீங்க ஐயா. சொல்லத்தான் வந்தோம். இன்னா மாரி சொல்றதுன்னு தெர்ல. பேப்பர்ல கீற பேரு எங்க ஊட்டுக்காரரு. சண்டைக்குப் போனது எங் கொழுந்தன், இவ புருசன். பேர மாத்தி இவளுக்குப் போட்டுக் குடுங்க. இத்தக் கேக்கத்தான் பஸ்ஸு ஏறி வந்தோம்."

அவள் சொன்ன கதை இது. போர் வந்ததும் பொதட்டூர்பேட்டைக்கு நூல் வருவது நின்றுபோனது. ஆலைகள் எல்லாம் காக்கித் துணிக்கும் கூடாரத் துணிக்கும் ஓடின. கைத்தறிக்குக் கிடைத்த நூல் முன்பு கிடைத்ததில் கால் பங்குகூட இல்லை. நான் தேர்வில் எழுதினேனே, போரின் விளைவுகள் எட்டு என்று, அதில் இது இல்லை. ஜெர்மனிக்காரன் எந்த நாட்டைப் பிடித்தான், ஜப்பான்காரன் எங்கே வந்துவிட்டான் என்பதெல்லாம் அந்தத் தெருவுக்குத் தெரியாது. தறி நின்றுவிட்டது என்பது மட்டும் தெரியும். கஞ்சிக்கு வழியில்லாத நேரத்தில் திருத்தணியில் ராணுவத்துக்கு ஆள் எடுத்தார்கள். முனுசாமி போய் நின்றார். உயரம் பார்த்து, மார்பு அளந்து, கையில் இருந்த தழும்பை எழுதிக்கொண்டு, ஒரு மாதம் கழித்து வந்து சேரச் சொல்லிச் சீட்டுக் கொடுத்தார்கள்.

அவருக்கும் குப்பம்மாளுக்கும் அதற்கு முன்பே பரிசம் போட்டாயிற்று. சொந்த அத்தை மகன். விஷயம் தெரிந்ததும் குப்பம்மாளின் தகப்பனார், சண்டைக்குப் போகிறவனுக்குப் பெண் இல்லை என்று சொல்லிவிட்டார். கல்யாணம் நின்றுபோகும். போகாமலும் இருக்க முடியாது, சீட்டு வாங்கியாகிவிட்டது, போலீஸ் வந்து இழுத்துப் போகும் என்று வீடே பயந்தது. அந்தச் சீட்டுக்கு ஓர் ஆள் போய்த்தான் ஆக வேண்டும் என்று நம்பினார்கள்.

"அப்ப எங் கொழுந்தன், 'நான் போறேன் நைனா'ன்னு அவங்க நைனாகிட்ட சொல்லிச்சாம். பதினேழு வயசுங்க. ஒயரம் அண்ணன் ஒயரம்தான். ஆனா தழும்பு வோணுமே. மாமனாரு கரண்டிக் காம்பக் காய வெச்சி, அண்ணன் கைய பக்கத்துல நீட்டச் சொல்லி, அளவு பாத்து வெச்சாராம். புள்ள அழுவல. எங்க ஊட்டுக்காரருதான் அழுதாராம்."

மேஜர் தன் மூன்றாவது கேள்வியைக் கன்னியம்மாளிடம் கேட்டார்.

"அவரோட இருந்தவங்கள்ள திரும்பி வராதவங்க யாராவது?"

"கோவிந்துன்னு ஒருத்தருங்க ஐயா. நம்ம பக்கத்து ஆளுதான். பர்மா எல்லையில ரோடு போட்டுகினு இருந்தப்போ காய்ச்சல்ல போயிட்டாராம். எங்க ஊட்டுக்காரரு வருஷா வருஷம் ஆடிக் கிருத்திகைக்கு ரெண்டு வாட்டி மலை ஏறுவாரு. ஒரு காவடி எடுத்துகினு ஏறி, எறங்கி வந்து, மறுபடி ஒண்ணு எடுத்துகினு ஏறுவாரு. 'இது கோவிந்தோடது'ம்பாரு. கால் ஓயற வரிக்கும் ஏறினாரு."

ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தில் அந்தப் படிகளை ஒருமுறை ஏறுவதே என்ன பாடு என்று எங்கள் ஊர்க்காரனுக்குத் தெரியும்.

இருவரையும் வெளியே உட்கார வைத்துவிட்டு மேஜரும் நானும் பேசினோம். வழக்கம்போல் நான் விதியைச் சொன்னேன். ஆள்மாறாட்டம், ஆகவே இரண்டு பேருக்கும் கிடையாது. கன்னியம்மாளுக்குத் தர வேண்டுமென்றால் படை ஆவணத்தில் பெயர் மாற வேண்டும். அதற்குக் கூடவே பணிசெய்த இருவரின் சாட்சி, நீதிமன்ற உத்தரவு எல்லாம் வேண்டும். சாட்சி சொல்ல யாரும் உயிரோடு இல்லை. எழுபதை நெருங்குகிற கிழவிகள் எத்தனை வருஷம் காத்திருப்பார்கள்?

மேஜர் வேறு எதையோ யோசித்துக்கொண்டிருந்தார்.

"அந்தச் சீட்டு வெறும் தேர்வுச் சீட்டுங்க. சத்தியப் பிரமாணம்கூட எடுக்கல. அண்ணன் போகாம வீட்டுலயே இருந்திருந்தா ஒருத்தனும் தேடி வந்திருக்க மாட்டான். எத்தனையோ பேரு வராம நின்னுட்டாங்க." அவர் புத்தகத்தை மூடி வைத்தார். "அந்தப் பையனுக்குச் சூடு வெச்சிருக்கவே வேணாம். இத அவங்ககிட்ட எப்பவும் சொல்லிடாதீங்க."

நான் சொன்னதில்லை. இதைப் படிப்பவர்கள் யாராவது பொதட்டூர்பேட்டைக்குப் போனால், நீங்களும் சொல்லிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பிறகு மேஜர் உறுதிமொழிப் படிவத்தை எடுத்தார். "என் கணவர் மேற்படி போரில் பணியாற்றினார்" என்று அதில் ஒரு வரி அச்சாகி இருக்கும். அந்த வரியைத் தன் பச்சை மையால் அடித்தார். மேலே, "இப்புத்தகத்தில் பெயர் கண்ட முனுசாமியின் மனைவி நான்" என்று எழுதினார். திருத்தத்தின் இரண்டு முனையிலும் சுருக்கொப்பம் இட்டு என் பக்கம் தள்ளினார்.

"இதுல பொய் எங்கயாவது இருக்கா பாருங்க."

பார்த்தேன். இல்லை. புத்தகத்தில் பெயர் உள்ளவரின் மனைவிக்கு என்றுதான் விதியும் சொல்லிற்று. "நாளைக்கு யாராவது கேட்டா பச்சை மை யாருதுன்னு எல்லாருக்கும் தெரியும். உங்களுக்கு ஒண்ணும் வராது" என்றார். அப்போதுகூட எனக்காகக் கவலைப்பட்ட மனிதர் அவர்.

ஆனால் குப்பம்மாள் ரேகை வைக்கவில்லை. எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. "அது அவ பங்குங்க. நான் எப்பிடிக் கை நீட்டறது?" என்று சொல்லிவிட்டு இளையவளைக் கைபிடித்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். கோப்பு என் மேஜையில் கிடந்தது. இரண்டு வாரம் பார்த்துவிட்டு மேஜர், "நீங்களே ஒருதரம் போய்ட்டு வாங்க" என்றார்.

போனேன். தெரு முழுக்கத் தறிச் சத்தம். அவர்கள் வீட்டில் தறி இல்லை. கன்னியம்மாள் வாசலோரம் உட்கார்ந்து பக்கத்து வீட்டுத் தறிக்கு ராட்டையில் நூலைத் தாராகச் சுற்றிக்கொண்டிருந்தாள். கண்ணில் புரை விழுந்து, நூல் அறுந்தால் விரலால் தடவித்தான் முனையைத் தேடினாள். பிள்ளை இல்லாதவள். அந்த வேலையும் இன்னும் எத்தனை நாளைக்கோ. உதவித்தொகை யாருக்கு வேண்டும் என்பது அந்த விரல்களைப் பார்த்தாலே தெரிந்தது.

வாழ்நாளெல்லாம் பொய்யைப் பிடித்துத் திரிந்த நான், அன்று ஓர் உண்மைக்காரியின் முன்னால் உட்கார்ந்து ரேகை வையுங்கள் என்று கெஞ்சினேன். 'வையுங்கள்' என்றுதான் சொன்னேன். ஒருமை எனக்கு அந்த வீட்டில் வரவில்லை.

"சார், நான் சொல்றத நீங்க புரிஞ்சிக்கல" என்றாள் குப்பம்மாள். "என் தாலிக்காகத்தான் அந்தப் புள்ள போச்சி. மூணு வருஷம் காட்டுல மண்ணு வெட்டிச்சி. அது ஒடம்பு தேஞ்சதுக்கு நான் போயி கை நீட்டினா, மேல போயி அது மூஞ்சில எப்பிடி முழிப்பேன்?"

தார் சுற்றுகிற ராட்டை நின்றது.

"அக்கா, நான் ஒண்ணு கேக்கறேன், கோச்சிக்காத" என்றாள் கன்னியம்மாள். "அவரு போனப்போ, பாவா வேணான்னா சொன்னாரு?" கணவனின் அண்ணனை அவள் பாவா என்றுதான் சொல்வாள்.

"அது எப்பிடிடி சொல்வாரு? அழுதுகினுதான் இருந்தாரு."

"அழுதுகினே உட்டாரு இல்ல? அன்னைக்கிப் பாவாவுக்காக அவரு போனாரு. இன்னைக்கி எனக்காக நீ போ. அவ்ளோதான். இதுல இன்னா கீது?"

குப்பம்மாள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு வெகுநேரம் அழுதாள். கன்னியம்மாள் எழுந்து வரவில்லை, ராட்டையையும் சுற்றவில்லை, காத்துக்கொண்டிருந்தாள். பிறகு குப்பம்மாள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எங்க வெக்கணும் சார்?" என்று கட்டை விரலை நீட்டினாள். மைப் பெட்டியைத் திறந்தபோது என் கண்ணும் நனைந்திருந்தது. சொல்லிக்கொள்வதில் வெட்கம் இல்லை.

அதன்பின் வருஷம் ஒருமுறை உயிர்ச்சான்றுக்கு இருவரும் சேர்ந்தே வருவார்கள். குப்பம்மாள் ரேகை வைப்பாள். நான் கேட்காமலே கன்னியம்மாள் எண்ணைச் சொல்வாள். "நேரில் கண்டேன். உயிருடன் இருக்கிறார்" என்று எழுதி நான் கையெழுத்திடுவேன். திரும்பும்போது திருத்தணியில் இறங்கி, மலையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு பஸ் ஏறுவார்களாம். மேஜர் பதவி முடிந்து போனார், சில வருஷத்தில் காலமானார். அடுத்து வந்தவர்களுக்கு அந்தப் பச்சை மை ஏன் என்று தெரியாது. கேட்டதும் இல்லை. நானும் ஓய்வு பெற்றேன். இப்போது இதை எழுதுவதால் என் ஓய்வூதியத்தில் கை வைப்பார்களோ என்று வீட்டில் கேட்கிறார்கள். வைக்கட்டும்.

தேன்மொழி அழைத்த மூன்றாம் நாள் பொதட்டூர்பேட்டைக்குப் போனேன். குப்பம்மாளின் மகன் வீட்டில்தான் கன்னியம்மாள் இருக்கிறாள். நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறார்கள். முதியோர் உதவிக்கு ஒரு மனு எழுதி அவனிடம் கொடுத்தேன். அவளுக்குப் பார்வை முழுதும் போய்விட்டது. கட்டிலில் உட்கார்ந்திருந்தவளிடம், இன்னார் வந்திருக்கிறேன், பழைய ஆபீஸ்காரன் என்றேன். நிமிர்ந்து உட்கார்ந்து, ஒரே மூச்சில், இந்தியில், அந்த எண்ணைச் சொன்னாள். ஓர் இலக்கம் பிசகவில்லை.

பிறகு பக்கத்தில் கையால் தடவினாள். அங்கே யாரும் இல்லை.

"அக்கா பூட்டுது சார். இனிமே ரேகை யாரு வெக்கறது?"

"இனிமே ரேகை வேணாம்மா. பதிவேட்ட மூடிட்டாங்க" என்றேன்.

"நான் ஒரு வாட்டி கூட வெச்சது இல்லியே" என்றாள். அதில் குறை எதுவும் இல்லை. நினைவுக்கு வந்ததைச் சொல்வதுபோல் சொன்னாள். "நான் ஒண்ணு வெக்கட்டா?"

"வெக்கலாம்மா. ஆனா அதனால ஒண்ணும் வராது. உங்ககிட்ட பொய் சொல்லி ரேகை வாங்கக் கூடாது இல்ல."

"வராட்டிப் போவுது. எழுதிக்க."

என்னிடம் மைப் பெட்டி இல்லை. பேனாவைக் கழற்றி அவள் கட்டை விரலில் மையைத் தடவி, என் குறிப்பேட்டில் ஒரு தாளில் பதித்தேன். தார் சுற்றிச் சுற்றித் தேய்ந்த விரல். ரேகை சரியாக விழவில்லை, நீலமாக ஒரு வட்டம் மட்டும் விழுந்தது.

தேன்மொழி, அந்தத் தாளை இதோடு அனுப்புகிறேன். அதில் அலுவலக முத்திரை இல்லை, எந்த விதியிலும் அதற்கு இடமில்லை. பதிவேட்டைக் கட்டும்போது குப்பம்மாள் பெயர் உள்ள பக்கத்தில் இதையும் வைத்துக் கட்டிவிடு. ரேகைக்குக் கீழே அந்த எண்ணைக் குறித்து, அதற்கு நேராக நான் எழுதியிருப்பது இதுதான்:

போருக்குப் போனவர் சின்னசாமி, முனுசாமியின் தம்பி. மனைவி கன்னியம்மாள். நேரில் கண்டேன். உயிருடன் இருக்கிறார்.